கால்வெஸ்டன் விரிகுடாவில் ஸ்பெக்கிள்ட் ட்ரவுட்: தண்ணீரைப் பார்ப்பது முதல் சட்டியில் போடுவது வரை

ஹூஸ்டன் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு உப்புத்தண்ணீர் ஒரு மணி நேரக் கார் பயணத்தில் இருக்கிறது. சுமார் 600 சதுர மைல் பரப்புள்ள கால்வெஸ்டன் விரிகுடாவின் சராசரி ஆழம் ஆளுயரத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். விடுமுறை நாளில் டெக்சஸ் சிட்டி டைக்கிலோ சீவுல்ஃப் பார்க்கிலோ நின்று பாருங்கள். நிறையப் பேர் செத்த இறாலைக் கோர்த்து, கனமான ஈயத்தோடு தூக்கி எறிந்துவிட்டு, கோலைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருப்பார்கள். வருவது பெரும்பாலும் கெளுத்தி. அதே தண்ணீரில், அதே நேரத்தில், முதுகெல்லாம் கரும்புள்ளியோடு வெள்ளியாய் மின்னும் ஸ்பெக்கிள்ட் ட்ரவுட்டும் திரிகிறது. அது உட்கார்ந்திருப்பவரைத் தேடி வராது. நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

எந்த ராட், எந்த ரீல், எந்தக் கலர் பிளாஸ்டிக் இரை என்றுதான் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்கிறார்கள். அதெல்லாம் அப்புறம். இந்த மீனைத் தொடர்ந்து பிடிப்பவர்கள் எல்லோரும் தண்ணீரைப் பார்க்கத் தெரிந்தவர்கள். சாதாரணக் கோலை வைத்துக்கொண்டு சரியான இடத்தில் நிற்பவருக்கு மீன் கிடைக்கும். விலையுயர்ந்த கோலோடு வெறும் தண்ணீரில் நிற்பவருக்குக் கிடைக்காது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் தண்ணீரைப் பற்றிய பகுதி நீளமாகவும் சாமான் பற்றிய பகுதி சுருக்கமாகவும் இருக்கிறது.

முதலில் மீனைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்பெக்கிள்ட் ட்ரவுட் நம் ஊர் கத்தாழை, பன்னா வகையறாக்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. பன்னாவைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இதன் வாய் உடனே புரிந்துவிடும். மேல்தாடையில் முன்பக்கம் கூரான கோரைப்பற்கள். வாயின் உட்பக்கம் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம். தாடையோரத்துத் தோல் மிக மெல்லியது, வேகமாகச் சுண்டினால் கிழிந்துவிடும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் சொல்லும் பல முறைகளுக்குக் காரணம் இதுதான்.

குட்டியாக இருக்கும்போது இறால்தான் முக்கிய உணவு. வளர வளர மீனுக்கு மாறும்: மடவை, மென்ஹேடன் என்கிற மத்தி போன்ற மீன், நெத்திலி, குரோக்கர். பெரிய ட்ரவுட் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிற மடவையைக்கூட விழுங்கும். அதனால் பெரிய மீன் வேண்டுமென்றால் மடவை இருக்கும் இடத்தில் தேட வேண்டும். எண்ணிக்கை வேண்டுமென்றால் இறால் இருக்கும் இடம்.

ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை முட்டையிடும் காலம். ஒரு பெண் மீன் ஒரே பருவத்தில் பலமுறை முட்டையிடும். பொழுது சாயும் நேரத்தில் ஆண் மீன்கள் கூட்டமாகச் சேர்ந்து உறுமும். கையில் பிடித்த மீன் ‘கொர் கொர்’ என்று சத்தம் போட்டால் அது ஆண். காற்றுப்பையை ஒட்டி அந்தச் சத்தத்துக்கான தசை ஆணுக்கு மட்டும்தான் உண்டு. சத்தம் போடாமல் பெரிதாகவும் இருந்தால் பெரும்பாலும் அது பெண். ஆண் மீன்கள் அவ்வளவு பெரிதாக வளர்வதில்லை. 20 அங்குலத்தைத் தாண்டிய மீன்களில் மிகப் பெரும்பாலானவை முட்டையிடும் பெண்கள்தான்.

உரிமமும் அளவும்

17 வயது ஆனவர்கள் எல்லோருக்கும் மீன்பிடி உரிமம் வேண்டும், கடல்நீருக்கான கூடுதல் ஒப்புதலும் சேர்த்து. வால்மார்ட், அகாடமி போன்ற கடைகளில் வாங்கலாம், ஆன்லைனிலும் கிடைக்கும். செப்டம்பர் 1 அன்று புது வருட உரிமம் தொடங்கி ஆகஸ்ட் 31 அன்று முடியும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது அவர்களையும் கோல் பிடிக்க வைக்க ஆசையா? வெளியூர்க்காரர்களுக்கான ஒருநாள் உரிமம் எடுத்துக்கொடுங்கள். டெக்சஸ் மாநிலப் பூங்காவுக்குள் கரையில் நின்று பிடிக்க உரிமமே தேவையில்லை. கால்வெஸ்டன் ஐலண்ட் ஸ்டேட் பார்க்கின் விரிகுடாப் பக்கம் அதற்கு அருமையான இடம்.

2024 முதல் ஒருவர் ஒரு நாளில் வைத்துக்கொள்ளக்கூடியது 3 ட்ரவுட். நீளம் 15 முதல் 20 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அதைவிட மிகப் பெரிய மீன் ஒன்றை டேக் கட்டி வைத்துக்கொள்ளத் தனி விதி இருக்கிறது. அதன் அளவை அந்தந்த வருடத்து விதிப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விதிகள் மாறுகிறவை என்பதால் ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒருமுறை டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் தளத்தைப் பார்த்துவிடுவது நல்லது. அளக்கும்போது வாயை மூடி, வாலின் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் குவித்து, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்க வேண்டும். கரைக்கு வரும் வரை தலையையும் வாலையும் வெட்டக் கூடாது.

ஒரு விஷயம் நம் ஆட்களுக்குக் குறிப்பாக. வீச்சு வலை வீசத் தெரிந்தவர்கள் நம்மில் உண்டு. இங்கே 14 அடி விட்டம் வரை வீச்சு வலை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது இரை மீன் பிடிப்பதற்கு மட்டும். வலையில் ட்ரவுட் விழுந்தால் உயிரோடு தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ட்ரவுட்டைத் தூண்டிலில் மட்டும்தான் பிடிக்கலாம். பிடித்ததை விற்கவும் கூடாது.

மூன்றே மீன்தானா என்று சலித்துக்கொள்பவர்கள் இந்த விதிக்குப் பின்னால் உள்ள கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு காலத்தில் இங்கே வலை போட்டு வாரினார்கள். 1981-இல் டெக்சஸ் சட்டமன்றம் ட்ரவுட், ரெட்ஃபிஷ் இரண்டின் வணிக விற்பனையைத் தடை செய்தது. மீன் மெல்ல மீண்டது. அப்புறம் 2021 பிப்ரவரியில் வந்த பெருங்குளிர். டெக்சஸ் கடற்கரையில் மட்டும் குறைந்தது 38 லட்சம் மீன்கள் செத்தன. அதில் ட்ரவுட் மட்டும் சுமார் 1,60,000 என்று மாநிலத் துறை கணக்கிட்டது. தண்ணீர் 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் இந்த மீனால் தாக்குப்பிடிக்க முடியாது. அந்த அடியிலிருந்து எழுந்து வர பெண் மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும். 20 அங்குல மேல்வரம்பு அதற்குத்தான்.

தண்ணீரைப் படிப்பது

மூன்று விஷயம் ஒரே இடத்தில் சேர வேண்டும்: ஓடுகிற தண்ணீர், கண்ணுக்குத் தெரிகிற இரை, அடியில் ஏதாவது ஒரு மாற்றம். மூன்றில் இரண்டு இருந்தால் அரை மணி நேரம் வீசிப் பார்க்கலாம். ஒன்றுதான் இருக்கிறது என்றால் நகர்ந்துவிடுங்கள்.

ஓட்டத்திலிருந்து தொடங்குவோம். கால்வெஸ்டனில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் இரண்டடியைத் தாண்டுவது அரிது. ஏற்ற வற்ற நேர அட்டவணையை மட்டும் நம்பிப் போனால் ஏமாற்றம்தான், ஏனென்றால் இங்கே காற்றுதான் பெரிய ஆள். தென்கிழக்குக் காற்று இரண்டு நாள் விடாமல் அடித்தால் விரிகுடா நிறையும். குளிர் முனை (கோல்ட் ஃப்ரன்ட்) வந்து வடக்குக் காற்று திரும்பினால், அட்டவணை ஏற்றம் என்று சொன்னாலும் தண்ணீர் வெளியேறிக்கொண்டிருக்கும். அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவாவின் கடல்மட்டத் தளத்தில் கால்வெஸ்டன் பியர் 21, ஈகிள் பாயின்ட் ஆகிய நிலையங்களின் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். கணித்த கோடு ஒன்று, அளந்த கோடு ஒன்று. நீங்கள் பார்க்க வேண்டியது அளந்த கோட்டை. அது சரிவாக ஏறுகிறதா, இறங்குகிறதா, படுத்துக்கிடக்கிறதா? படுத்துக்கிடந்தால் வீட்டில் தூங்கிவிட்டு, கோடு அசையத் தொடங்கும் நேரத்துக்குப் போய்ச் சேருங்கள். ஏற்றம் வற்றமாகத் திரும்பி ஓட்டம் பிடிக்கும் முதல் இரண்டு மணி நேரத்தை நான் எதற்காகவும் விடமாட்டேன்.

வற்றத்தின்போது சதுப்பு நிலத்திலிருந்து சிறு ஓடைகள் விரிகுடாவில் விழும் வாயில் நில்லுங்கள். புல்லுக்குள் ஒளிந்திருந்த இறாலும் குட்டி மீனும் தண்ணீரோடு வெளியே வந்தே ஆக வேண்டும். ட்ரவுட் அந்த வாய்க்குச் சற்று வெளியே, ஆழம் மாறும் விளிம்பில் காத்திருக்கும். ஏற்றத்தின்போது இது தலைகீழ்: மீன் கரையோரத் திட்டுகளின் மேலும் சிப்பித் திட்டுகளின் மேலும் ஏறி வரும்.

அடுத்தது இரை. மடவை சும்மா உயரத் தாவி விழுவதைக் கண்டு ஏமாறாதீர்கள். மடவை தன்பாட்டுக்குத் துள்ளும். கூட்டமாக நெருங்கி, மேல்மட்டத்தில் ஒரே பக்கமாக விசுக்கென்று சிதறினால்தான் கீழே ஏதோ துரத்துகிறது. இறால் தண்ணீருக்கு மேலே துள்ளுவது இன்னும் நல்ல அறிகுறி. இறால் காரணமில்லாமல் துள்ளுவதில்லை.

பறவைகள் இலையுதிர் காலத்தில் பெரிய உதவி. கடற்காகங்கள் ஒரே இடத்துக்கு மேலே கத்திக்கொண்டு தாழ்ந்து தாழ்ந்து கொத்தினால், கீழே ட்ரவுட் இறாலை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆலாக்கள் மட்டும் அங்கங்கே மூழ்கி எழுந்தால் குட்டி மீன்களைக் கொத்துகின்றன, அதை நம்பி ஓட வேண்டாம். படகில் இருப்பவர்கள் பறவைக் கூட்டத்துக்குள் மோட்டாரோடு புகுந்துவிடக் கூடாது. காற்று வரும் பக்கமாகச் சுற்றிப் போய், மோட்டாரை அணைத்து, படகைத் தானாக மிதந்து போகவிட்டு வீசுங்கள். புகுந்தால் கூட்டம் கலையும், பக்கத்துப் படகுக்காரர் வாயிலும் விழுவீர்கள்.

இப்போது பலருக்குத் தெரியாத அறிகுறி. ட்ரவுட் கூட்டம் எண்ணெய்ப்பசையுள்ள மீன்களைத் தின்றுவிட்டுக் கக்கும்போது ஒரு துளி எண்ணெய் மேலே வந்து பரவும். காற்றில் நெளியும் தண்ணீருக்கு நடுவே ஓரிடம் மட்டும் வழுவழுவென்று, கண்ணாடித் துண்டு போலத் தெரியும். கிட்டே போனால் வெட்டிய தர்பூசணி வாசம் அடிக்கும். உண்மையாகவே அடிக்கும். திட்டு எவ்வளவு சிறியதோ அவ்வளவு புதியது. கார் பானட் அளவு என்றால் மீன் அங்கேயேதான் இருக்கிறது. வீட்டு அளவுக்கு விரிந்துவிட்டால் எண்ணெய் காற்றோடு நகர்ந்துவிட்டிருக்கும், அதனால் திட்டின் நடுவில் வீசாமல் காற்று வரும் பக்கத்து ஓரத்துக்கும் அதற்கு முன்னாலும் வீச வேண்டும்.

மூன்றாவது அடித்தளம். கால்வெஸ்டன் விரிகுடாவின் உயிர் சிப்பித் திட்டுகள். ஈஸ்ட் பே பகுதியில் இருக்கும் ஹன்னாஸ் ரீஃப் அப்படிப்பட்ட பெரிய திட்டு. 2008-இல் ஐக் சூறாவளி கொண்டுவந்து கொட்டிய சேறு விரிகுடாவின் சிப்பித் திட்டுகளில் பாதிக்கு மேல் மூடிவிட்டது. அதிகம் அடி வாங்கியது ஈஸ்ட் பேதான். கடற்புல் இங்கே குறைவு. தெற்கே கிறிஸ்மஸ் பே போனால் பார்க்கலாம். புல்லுக்கு நடுவே வெறும் மணல் தெரியும் குழிகளின் விளிம்பில் வீசுங்கள். சேறும் சிப்பி ஓடும் கலந்த அடித்தளத்தைக் காலால் நடந்தே கண்டுபிடிக்கலாம்: சேற்றில் கால் புதையும், சிப்பி வந்ததும் நறநறக்கும். அந்த மாற்றம் வரும் இடத்தில் நின்றுவிடுங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை, லேசான பச்சை கலந்த தண்ணீர்தான் நல்லது. ராட் நுனியை ஓரடி முக்கினால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கலங்கலும் பச்சையும் கோடு போட்டாற்போலச் சந்திக்கும் இடம் கிடைத்தால் அந்தக் கோட்டின் மீதே வீசுங்கள். வடக்கே டிரினிட்டி, சான் ஜசின்டோ ஆறுகளில் வெள்ளம் வந்தால் மேல் விரிகுடா நன்னீராகிவிடும். அப்போது மீன் முகத்துவாரத்தை நோக்கித் தெற்கே இறங்கிவிடும். மழைக்காலத்தில் பழைய இடத்தையே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

மாதத்துக்கு ஏற்ற இடம்

குளிர்காலத்தில் குளிர் முனை கடந்த மறுநாள் போகாதீர்கள். வடக்குக் காற்றும் வற்றிய கரையும்தான் கண்ணில் படும். இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பிறகு, மதியத்துக்கு மேல் போங்கள். கருஞ்சேறு வெயிலில் சீக்கிரம் சூடாகும். அதன் பக்கத்தில் ஆழமும் இருந்தால் மீன் அங்கே ஏறி இறங்கும். கால்வெஸ்டன் தீவுக்குள் இருக்கும் ஆஃபட்ஸ் பயூ ஆழமானது, குளிர்காலத்தில் பெயர் பெற்ற இடம். இந்தப் பருவத்தில் எதையும் மெதுவாக இழுக்க வேண்டும். மெதுவாக என்று நீங்கள் நினைப்பதில் பாதி வேகத்தில்.

வசந்தத்தில் காற்றுதான் தலைவலி. காற்று மறைவான கரையைத் தேடிப் போங்கள்: தென்கிழக்குக் காற்றென்றால் வெஸ்ட் பேயின் தெற்குக் கரை, அதாவது தீவின் பின்பக்கம். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்து பிடிக்க இதைவிட நல்ல காலம் கிடையாது.

கோடையில் விடியலுக்கு முன்பே தண்ணீரில் இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் மீன் ஆழத்துக்குப் போய்விடும். படகு இருந்தால் ஆழமான சிப்பித் திட்டுகள், டிரினிட்டி பேயின் எரிவாயுக் கிணறுகளைச் சுற்றிப் போட்ட சிப்பிப் படுகைகள், இல்லையென்றால் முகத்துவாரத்துக் கல் ஜெட்டிகள். படகு இல்லாதவர்களுக்கு இரவு இருக்கிறது. பியரில், அதாவது தண்ணீருக்குள் நீளும் மேடைப் பாலத்தில், விளக்கு வெளிச்சம் தண்ணீரில் விழும் இடத்தில் இறால் கூடும், குட்டி மீன் கூடும். ட்ரவுட் வெளிச்சத்துக்கு உள்ளே நிற்காது. இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் விளிம்பில் நின்று உள்ளே பாய்ந்து திரும்பும். அந்த விளிம்புக்கு வீசுங்கள். விளக்கு மீன்கள் பல சமயம் அளவுக்குக் குறைவாக இருக்கும், பொறுமையாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரைதான் புதியவர்களுக்கு என் சிபாரிசு. ஒவ்வொரு குளிர் முனையும் சதுப்பிலிருந்து இறாலை வெளியே தள்ளும். பறவைகள் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். முதல் ட்ரவுட்டைப் பிடிக்க இதுதான் காலம்.

சாமான்

ஏழடி ராட், மீடியம் அல்லது மீடியம் லைட். 2500 அல்லது 3000 அளவு ஸ்பின்னிங் ரீல். 10 முதல் 15 பவுண்டு பின்னல் நரம்பு, அதன் முனையில் 20 பவுண்டு ஃப்ளூரோகார்பன் இரண்டு மூன்று அடி. இரண்டையும் இணைக்க டபுள் யூனி முடிச்சு போதும். இரை கட்டும் முனையில் லூப் முடிச்சு போட்டால் செயற்கை இரை தாராளமாக அசையும்.

ராட் தவிர வாங்க வேண்டியவை: பாப்பிங் கார்க் (இழுத்தால் சத்தம் போடும் மிதவை), சிறிய முள், எட்டில் ஒரு பங்கு அவுன்ஸ் ஜிக் ஹெட் (தலையில் எடை வைத்த முள்), அதில் மாட்ட மூன்று நான்கு அங்குல சாஃப்ட் பிளாஸ்டிக் (மெத்தென்ற செயற்கை இரை) இரண்டு நிறத்தில், ரப்பர் பூசிய கை வலை, நீண்ட மூக்குக் குறடு, அளவுகோல். கலங்கலுக்கு அடர்நிறம், தெளிந்த தண்ணீருக்கு வெளிர்நிறம். நிறத்துக்கு இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

வீசுவது, இழுப்பது

தொடங்குபவர்கள் பாப்பிங் கார்க்கிலேயே தொடங்குங்கள். கார்க்குக்குக் கீழே ஒன்றரை முதல் இரண்டரை அடி நரம்பு, முனையில் முள், முள்ளில் உயிர் இறால். கார்க்கிலிருந்து முள் வரையுள்ள நீளம் தண்ணீரின் ஆழத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் சிப்பியில் மாட்டும்.

இறால் கோர்ப்பதில் கவனம் வேண்டும். இறாலின் தலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், தலைக்கொம்புக்குக் கீழே ஓட்டுக்குள் கருப்பாக ஒரு புள்ளி தெரியும். அதில் முள் பட்டால் இறால் அங்கேயே செத்துவிடும். அந்தப் புள்ளிக்கு முன்னால், கொம்புக்கு நேர் கீழே, ஓட்டின் ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் எடுங்கள். முள் நுனி வெளியே தெரியட்டும். இப்படிக் கோர்த்த இறால் நிறைய நேரம் காலை உதைத்துக்கொண்டு உயிரோடு இருக்கும். மீனை விடும் எண்ணம் இருந்தால் மூன்று முனை முள்ளைத் தவிர்த்து வட்ட முள் போடுங்கள். அது பெரும்பாலும் தாடையோரத்தில்தான் மாட்டும்.

ஓட்டத்துக்கு எதிராக மேலே வீசி, கார்க்கைத் தண்ணீரோடு மிதந்து வரவிடுங்கள். தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு, ராட் நுனியால் இரண்டு முறை சட்டென்று இழுத்தால் கார்க் ‘பொளக்’ என்று சத்தம் போடும். ட்ரவுட் மேல்மட்டத்தில் இறாலை அடிக்கும்போது வரும் சத்தம் அதே மாதிரிதான், பக்கத்து மீனுக்குப் பொறாமை வந்துவிடும். அப்புறம் பத்துப் பதினைந்து விநாடி சும்மா விடுங்கள். கடி பெரும்பாலும் அந்த அமைதியில்தான் வரும். கார்க் முழுதாக மறைந்ததும் வட்ட முள்ளானால் ராடைச் சுண்டவே வேண்டாம், சுற்றிக்கொண்டே ராடை மெல்லத் தூக்கினால் போதும்.

கார்க் கை வந்த பிறகு ஜிக்குக்கு மாறுங்கள். வீசி, அடியைத் தொடவிட்டு, நுனியால் இரண்டு சுண்டு, பிறகு விழவிடுங்கள். விழும்போது நரம்பைத் தளரவிடாமல், இழுக்காமலும் கூடவே வர வேண்டும். ‘டிக்’ என்று விரலில் ஒரு தட்டு தெரியும், அவ்வளவுதான். நரம்பு சட்டென்று பக்கவாட்டில் நகர்ந்தாலும் அது மீன்தான்.

விடியலில் தண்ணீர் அமைதியாக இருந்தால் மேல்மட்ட இரையைப் போட்டுப் பாருங்கள். நுனியைத் தாளத்தோடு தட்டத் தட்ட, அது இடமும் வலமும் தலையாட்டி வரும். வெடித்தாற்போல மீன் அடிக்கும்போது கை தானாக இழுக்கப் பார்க்கும். இழுக்காதீர்கள். மீனின் எடை ராடில் தெரியும் வரை அதே தாளத்தில் தட்டிக்கொண்டே இருங்கள்.

ரீலின் பிரேக்கான டிராக்கைத் தளர்வாக வைக்க வேண்டும்: ரீலிலிருந்து நரம்பைக் கையால் இழுத்தால் சிரமமில்லாமல் வர வேண்டும். இந்த மீன் மேலே வந்து வாயைத் திறந்து தலையை உதறும், அப்போதுதான் முள் கழன்று போகும். உதறும்போது ராட் நுனியைத் தாழ்த்தி, நரம்பின் இறுக்கத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கிட்டே வந்ததும் ராடால் தூக்காமல் வலையில் ஏந்துங்கள்.

விடுகிற மீனை நனைந்த கையால் மட்டும் தொடுங்கள். உலர்ந்த துண்டால் பிடித்தால் மேலுள்ள வழவழப்பு போய்விடும், அதுதான் அதற்கு நோய் அண்டாத கவசம். பெரிய மீனை வாயில் பிடித்துத் தொங்கவிடாமல் வயிற்றுக்கும் கை கொடுங்கள். முள் தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டாமல் நரம்பை வெட்டிவிடுங்கள். தண்ணீருக்குள் தலை ஓட்டத்தைப் பார்க்க நிறுத்தி, தானே உதைத்துப் போகும் வரை பிடித்திருங்கள். டெக்சஸின் மாநிலச் சாதனை மீன் 2002 மே மாதம் கீழ் லகுனா மாட்ரேயில் பிடிபட்டது, 37 அங்குலத்துக்கு மேல், 15 பவுண்டைத் தாண்டியது. அப்படி வளர ஒரு பெண் மீன் எத்தனை தூண்டிலில் தப்பியிருக்க வேண்டும்!

இறங்கி நடப்பவர்களுக்கு

காலைத் தூக்கி வைக்காதீர்கள், அடியில் தேய்த்தபடியே நடங்கள். மணலில் புதைந்திருக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப் போய்விடும், மிதித்தால்தான் குத்தும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். சிப்பி ஓடு பிளேடு போல வெட்டும், செருப்போ ஓட்ட ஷூவோ போதாது, தடித்த அடியுள்ள வேடிங் பூட் வேண்டும்.

வெயில்கால உப்புத்தண்ணீரில் விப்ரியோ என்ற கிருமி உண்டு. காலில் ஆறாத புண் இருந்தால் தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வெட்டுப்பட்ட இடம் சில மணி நேரத்தில் சிவந்து வீங்கி வலித்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போய், கடல் தண்ணீரில் நின்றதையும் சொல்லுங்கள்.

சான் லூயிஸ் பாஸில் மீன் உண்டு, ஆனால் அங்கே இறங்கி நடக்காதீர்கள். ஓட்டம் கடுமையானது, உயிர்கள் போயிருக்கின்றன. டெக்சஸ் சிட்டி டைக்கில் பெரிய கப்பல் கடந்து போனால் கரைத் தண்ணீர் முதலில் உள்வாங்கும், பிறகு வேகமாகத் திரும்பி வரும். குழந்தைகளைப் பாறை விளிம்பில் நிறுத்தி வைக்காதீர்கள். நடந்து பிடிக்கும்போதும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். பிடித்த மீனைக் கோர்த்து வைக்கும் கயிறு நீளமாக இருக்கட்டும், இடுப்பில் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். சுறா வந்து இழுத்தால் உடனே கழற்றிவிட முடிய வேண்டும்.

ஐஸ், கத்தி, சட்டி

ட்ரவுட் சதை மென்மையானது, வெயிலில் அரை மணி நேரம் கிடந்தாலே கெட்டுப்போகத் தொடங்கும். ஐஸ் பெட்டியில் ஐஸோடு கொஞ்சம் கடல் தண்ணீர் ஊற்றிக் கூழாக வைத்து, பிடித்த உடனே அதில் முக்கிவிடுங்கள்.

எங்கே பிடித்தது என்பதும் முக்கியம். ஹூஸ்டன் ஷிப் சேனலிலும் மேல் விரிகுடாவிலும் டையாக்சின், பிசிபி என்ற நச்சு ரசாயனங்களின் கலப்பு இருப்பதால் அங்கே பிடிக்கும் ட்ரவுட், கெளுத்தி போன்றவற்றைச் சாப்பிடுவது பற்றி மாநில சுகாதாரத் துறை எச்சரிக்கை விடுத்திருக்கிறது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களும் குழந்தைகளும் அதைத் தவிர்க்க வேண்டும். அந்த எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கோலை எடுங்கள்.

மீனை அறுக்கும்போது முதுகுச் சதையில் வெள்ளையாக, சேமியா நூல் போல ஒரு புழு தெரியலாம். பயந்து மீனைத் தூக்கிப் போட வேண்டாம். அது சுறாவின் உடம்பில் வளர்ந்து முடிய வேண்டிய ஒட்டுண்ணி, மனிதர்களை ஒன்றும் செய்யாது. கத்தி முனையால் இழுத்து எடுத்துவிட்டுச் சமைக்கலாம். தலையைப் பிளந்தால் கத்தாழையில் இருப்பது போலவே இரண்டு வெள்ளைக் கல் கிடைக்கும். அதைக் குறுக்கே அறுத்து வளையங்களை எண்ணித்தான் மீனின் வயதைக் கணக்கிடுகிறார்கள். பிள்ளைகளிடம் எடுத்துக் கொடுங்கள், பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

ஃப்ரீசரில் வைத்தால் சதை பஞ்சாகிவிடும், அன்றைக்கோ மறுநாளோ சமைத்துவிடுங்கள். வறுவலுக்குத்தான் இந்த மீன் மிகப் பொருத்தம். தோலோடு துண்டு போட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் அரிசி மாவு தடவி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். மாவு இல்லையென்றால் திருப்பும்போது உடைந்துவிடும். குழம்புதான் வேண்டும் என்றால் புளிக்கரைசல் கொதித்து, மசாலா வாசம் போய், எண்ணெய் மேலே பிரிந்த பிறகு கடைசியில் மீனைப் போடுங்கள். ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பிறகு கரண்டி போடாமல், சட்டியை இரண்டு பக்கமும் பிடித்து ஒருமுறை சுழற்றி இறக்கிவிடுங்கள்.